கழுதைப்புலி மரியாதை கொடுத்த நாள்

ஹமூண்டுவின் ஆடுகள் சும்மா தளதளவென்று இருந்தன. மகனுக்குப் பெண் எடுப்பதற்குப் பரிசமாக, மறுநாள் விடிந்ததும் அவற்றை மலை தாண்டி சம்பந்தி வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். கல்யாணமே தனக்குத்தான் என்பதுபோல் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பூரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் கால்நடை மருத்துவ உதவியாளன் முன்சாகா. போன வாரம் ஆடுகளின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துப் போனவன்.

"உன் ஆட்டு ரத்தம் முழுக்கப் பூச்சிடா. ஈ கடிச்சு வந்தது, வெளியில பாத்தா தெரியாது. மலை ஏறினா பாதி வழியிலயே சுருண்டு விழும். ஊசி போட்டு, கொஞ்ச நாள் கழிச்சு ஓட்டு" என்றான்.

ஹமூண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பின்னே? முன்சாகா கழுதைப்புலிக் குலம், இவர் ஆட்டுக் குலம். குவெம்பே பள்ளத்தாக்கில் இந்த இரண்டு குலத்தாரும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் கேலி பேசி வாரியே ஆகவேண்டும், அதுதான் வழக்கம். வயசு வித்தியாசம் கிடையாது, சாவு வீட்டில்கூட விலக்கு கிடையாது. கழுதைப்புலிக்கு ஆட்டின் மேல் என்னடா இவ்வளவு கரிசனம், விழுகிற கறிக்கு இப்போதே துண்டு போடுகிறாயா என்று கேட்டார்.

முன்சாகா சத்தியம் செய்தான். ஹமூண்டுவின் மனைவி சிரித்தாள். ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை எடுத்துக் காட்டினான். அக்கம்பக்கத்தார் கூடி வந்து சிரித்தார்கள். அவன் முகம் கடுகடுக்கக் கடுகடுக்க, என்னமாய் நடிக்கிறான் என்று மெச்சினார்கள். பாவம், படித்த படிப்பெல்லாம் குலத்துக்கு முன்னால் செல்லாக்காசாகிப் போயிற்று.

கிளம்பப் போனவன் நின்றான். தொப்பியைக் கழற்றினான். குந்தி உட்கார்ந்து, பெரியவர்களை வணங்குகிற முறையில் மெதுவாகக் கை தட்டித் தலை குனிந்தான்.

"ஐயா, நீங்க பெரியவங்க. தயவுபண்ணி ஆட்டுக்கு ஊசி போட அனுமதி குடுங்க."

சிரிப்பு பட்டென்று அடங்கியது. பிறந்ததிலிருந்து எந்தக் கழுதைப்புலியும் ஹமூண்டுவை ஐயா என்று கூப்பிட்டதில்லை.

"யாருடா செத்தது?" என்றார்.

"யாரும் சாகலீங்க ஐயா. எதுவும் சாகக் கூடாதுன்னுதான் கேக்குறேன்."

இன்னொரு ஐயாவை அவரால் தாங்க முடியவில்லை. பட்டியைத் திறந்துவிட்டார். ஆடுகள் வரத் தாமதமாகும் என்று சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினார். கடைசி ஆட்டுக்கு ஊசி போடும்வரை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தவர், முன்சாகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலைதான் முடிஞ்சுதே, ஒரு வார்த்தை திட்டிட்டுப் போடா. எனக்கு என்னவோ பண்ணுது."

முன்சாகா தொப்பியை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆடுங்க பொழச்சுக்கும். அதுங்களை மேய்க்குற கிழட்டுக் கிடாவுக்குத்தான் மருந்தே கிடையாது."

ஹமூண்டுவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.