பௌர்ணமிக் கினுவே

அமாவாசைக்கு அமாவாசை கினுவேயின் எடை ஒரு கருவாட்டின் எடைக்கு இறங்கிவிடும். காற்று தூக்கிப் போகாதிருக்க, பக்கத்து வீட்டு மித்சு வந்து அவள் இடுப்பில் கயிறு கட்டி நடு அறைத் தூணில் முடிந்துவிட்டுப் போவாள். கொத்தோத் தீவில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறை வளர வளர கினுவேக்கு உடம்பில் தெம்பு ஊறும், முகம் தெளியும். பௌர்ணமியன்று நாலு கூடை கானாங்கெளுத்தியை ஒரே தோளில் ஏற்றிக்கொண்டு, பாட்டும் சிரிப்புமாகத் துறையிலிருந்து நடப்பாள். தேய்பிறையில் பேச்சு குறையும், காரணமில்லாமல் அழுகை வரும், பிறகு அழவும் தெம்பிருக்காது.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்து அவள் புருஷன் தொகுசோவுக்கு மட்டும் தெரியாது. அவன் விளக்குப் படகுக்காரன். விளக்கு வெளிச்சத்துக்கு மீன் வந்து மொய்க்க வானம் இருட்டாக இருக்க வேண்டும். நிலா முழுசாகக் காயும் நாலைந்து நாள்தான் படகுகள் கரையில் நிற்கும். ஆக, அவன் கண்டதெல்லாம் பௌர்ணமிக் கினுவேயைத்தான். "எம் பொண்டாட்டிக்கு அலுப்புன்னா என்னன்னே தெரியாதுடா" என்று சாராயக் கடையில் பீற்றிக்கொள்வான். அவளும் சொல்லவில்லை. மாசத்தில் நாலு நாள் வருகிற மனுஷனிடம் அழுவானேன் என்று விட்டுவிட்டாள். அதுதான் வினையாயிற்று.

முழங்கால் போய் அவன் படகைவிட்டு இறங்கிய வருஷம், முதல் அமாவாசையன்று காலைச் சாப்பாடு வரவில்லை. கயிற்றோடு கிடந்தவளைப் பார்த்தான்.

"என்னடி வேஷம் இது? நான் வீட்டோட வந்ததும் படுத்துக்கிட்டியா?"

"முடியலைங்க. கயித்த மட்டும் அவுத்துடாதீங்க."

"அய்யோ, அவ சொல்றதக் கேளு தொகுசோ! மாசாமாசம் இப்படித்தான்" என்று வேலிக்கு அப்பாலிருந்து மித்சு கத்தினாள்.

"நீ உன் வேலயப் பாரு" என்றவன் முடிச்சை அவிழ்த்து, எழுந்து உலை வை என்று கதவையும் திறந்துவிட்டான். கடற்காற்று அவளை வாசல் வழியாகத் தூக்கியது. பிடித்துக்கொள்வான் என்று நம்பிக் கையை நீட்டினாள். அவனோ கையைக் கட்டிக்கொண்டு, "போ, போ, பசிச்சா தானா வருவே" என்றான். கூரைகளுக்கு மேலே போகையில் அவளுக்கு வலித்தது அந்தப் பேச்சுதான்.

பதினைந்தாம் நாள் எடை கூடி இறங்கினாள்; மித்சு வீட்டு முற்றத்தில். தொகுசோ இரண்டு பேருக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டு வேலியோரம் வந்தான்.

"வாடி வீட்டுக்கு. இன்னைக்குத்தான் நல்லா இருக்கியே."

"அதான் வரல" என்றாள் கினுவே.

கயிறு இப்போது மித்சு வீட்டுத் தூணில் இருக்கிறது. அமாவாசைதோறும் தொகுசோ வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்பான். இருக்கிறது என்பாள் மித்சு.