நகராத மழை

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வானிலை ஆபீஸ் இயக்குநர் குடையை விரித்தார். பின்னால் இறங்கிய முன்னறிவிப்பாளர்கள் நால்வரும் விரித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மின்கம்பத்தின் நிழலில் ஒண்டியிருந்த காக்கை ஐந்து குடைகளையும் தலை சாய்த்துப் பார்த்தது.

போர்ட்டிகோவில் கிடத்தியிருந்த கணவர் உடலின் தலைமாட்டிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணி, குடையோட வர்றாங்க?" என்றான் கொழுந்தன்.

"அவங்களுக்கு வானம் ஆபீசுக்குள்ளதான் இருக்கு."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "மூணு மணிக்கு எடுக்க வேணாம்மா. கொஞ்சம் பொறுங்க. உங்க தெரு மேல கனமழை. காலையிலேர்ந்து ரேடார்ல காட்டுது."

"நாங்க இன்னும் நனையலையே சார்."

"கண்ணுக்குத் தெரியறது வேறம்மா, கம்ப்யூட்டர்ல வர்றது வேற."

ரேடாரைக் கணினியோடு இணைத்ததற்காக மாலை வாங்கிய மனிதர். மாலை அன்றே வாடிவிட்டது. பெருமை பதினோரு வருடமாகப் பச்சையாகவே இருந்தது.

"எப்ப விடும்?" என்றாள்.

வழுக்கைத் தலை முன்னறிவிப்பாளர் கைப்பேசியைப் பார்த்தார். "அதாங்க புரியல. மேகம்னா நகரணும். இது வச்ச எடத்துலயே நிக்குது."

அவள் நிமிர்ந்தாள். தெருமுனையில், வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி நான்கு கால்களில் நின்றது.

"போய்த் தொட்டியைத் துடைக்கணும்" என்று சொல்லித்தான் கணவர் தினமும் விடியலில் கிளம்புவார். ரேடார் தொட்டியை மேகமென்று கணினிக்குச் சொல்லிவிடுமாம். மற்றவர்கள் வருமுன் படத்தில் கையால் அழிக்க வேண்டுமாம். மறுநாள் கணினி மறந்துவிடுமாம். குறை என்று எழுதிக் கொடுத்தால் இயக்குநர் கிழித்துப்போடுவாராம். அவள் ஒரு சொல்லையும் நம்பியதில்லை. தொட்டி கழுவுகிற உத்தியோகம் என்று சம்பந்தி வீடுவரை சொல்லிச் சிரித்திருக்கிறாள். நேற்றும் நெஞ்சை நீவிக்கொண்டே சட்டையை மாட்டினார். "ஒரு நாள் போகலேன்னா வானம் இடிஞ்சா விழுந்துடும்?" என்றாள். போனார். சாயங்காலம் ஆபீஸ் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"அது மேகமில்ல சார். தொட்டி."

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதெப்படிம்மா? அதையெல்லாம் சிஸ்டமே கழிச்சிடுமே."

"அந்த சிஸ்டத்தைத்தான் இங்க கிடத்தியிருக்கோம்."

குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின.

மூன்று மணிக்கே எடுத்தார்கள். வாசலிலிருந்து வண்டிவரை இருபதடி. வெயில் நேராகக் கணவரின் முகத்தில் விழுந்தது. இயக்குநர் கையிலிருந்த குடையை அவள் கேட்காமலே வாங்கி, விரித்து, அந்த முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வண்டிக் கதவைச் சாத்திய பிறகும் மடக்கவில்லை.