மலை இடப்பக்கம் வரும்போது

சாயங்காலமானால் மட்டும் வேனுக்கு அடியில் யாரோ கதவு தட்டினார்கள். டொக். சற்றுப் பொறுத்து மறுபடி, டொக். வேங்கிக்கால் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அடி அண்ணாமலைக்கு ஏற்றி வரும்போது, ஓட்டும் குணமதியின் வலது பாதத்துக்குக் கீழே அது எழும். காலையில் அதே பிள்ளைகளோடு போகும்போது ஒன்றும் இருக்காது. தூக்கத்திலும் கேட்டது. கனவில் போய்க் கதவைத் திறந்தால் வாசலில் மலை நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து நேற்றிலிருந்து அவள் பிள்ளைகளை ஏற்றவில்லை. பெற்றோர் சார்பில் சக்கரபாணி போன் செய்தார்.

"இன்னிக்கு சாயங்காலமும் வரலேன்னா வேற வேன் பேசிடுவோம்மா. தப்பா எடுத்துக்காத."

செங்கம் ரோட்டு மெக்கானிக் முருகையன், சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து முன்சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் தெரியவில்லை. ஓட்டியும் பார்த்தார். சத்தமில்லை.

"ஜைனப் பொண்ணு நீ, பொழுது சாயறதுக்குள்ள சாப்புடற ஆளு. அந்த நேரத்துப் பசியில காது அடைக்குது, அவ்ளோதான்."

"பசிச்சா வயித்துலதான் சத்தம் வரும். கால்ல வராதுண்ணா."

சிரித்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க அவளையும் ஏற்றிக்கொண்டார். ரமணாசிரமம் தாண்டி, அடி அண்ணாமலையும் தாண்டியது வேன். மதிய வெயிலில் மலை ஓசையில்லாமல் திரும்பித் திரும்பி வேறுவேறு முகம் காட்டியது. குணமதிக்குக் கண் சொக்கியது. மலை முருகையனின் தோளுக்கு அப்பால் மிதந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென நிமிர்ந்தாள். சாயங்காலத்தில் மலை வருவது அந்தப் பக்கமாக அல்ல.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க. வந்த வழியே போலாம்."

"டிரையல் வண்டிய மலையச் சுத்தி வலமாத்தான் கொண்டாருவேன். ஷெட்டு போட்ட நாள்லேர்ந்து அப்படித்தான். எதிரா சுத்த மனசு ஒப்பாது."

"அதான் உங்களுக்குக் கேக்கவே இல்ல. எறங்குங்க, நான் ஓட்டறேன். பாவம் எனக்கே வரட்டும்."

"பக்கத்துல குந்தியிருக்கறவனுக்குப் பாதி வராதா?" முனகிக்கொண்டே இடம் மாறினார்.

இப்போது மலை இடப்பக்கம். சாலை இடதாக வளைந்த இடத்தில் வேன் லேசாக வலப்புறம் சாய்ந்தது.

டொக்.

முருகையன் குனிந்து அவள் காலடியைப் பார்த்தார். "மெதுவா போம்மா. பிரேக்கு கூடப் பாத்துப் போடு."

ஷெட்டில் இம்முறை வலது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கே ஜாக்கி கொடுத்தார். ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டிலிருந்து விலகியது. சக்கரத்துக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பியதும் அது நழுவி ஏறி இறங்கியது. சக்கரத்தை ஆர்மோடு சேர்க்கும் கீழ் பால் ஜாயிண்டின் ரப்பர் உறை பின்பக்கம் கிழிந்து, கிரீஸோடு மண் குழைந்திருந்தது. கழற்றிக் கையில் வைத்தார். தேய்ந்த உருண்டை கிண்ணத்துக்குள் லொடலொடத்தது.

"வலமா போனா பாரமெல்லாம் எடது சக்கரத்துல. இது சும்மா இருந்துக்கும். இடமா வந்தா, அதுவும் புள்ளைங்க பாரத்தோட, இதுதான் தாங்கணும்." உருண்டையை விரலால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "கழண்டிருந்தா சக்கரம் மடங்கியிருக்கும்மா."

புது ஜாயிண்டைப் பொருத்தி, நட்டை முறுக்கி, அது கழலாதபடி ஊசிப் பின்னைச் செருகினார். இடது பக்கத்தையும் அதே மாதிரி நெம்பிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. "நாளைக்கே அலைன்மெண்ட் பாத்துடு" என்றார். பிறகு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாமே வண்டியை இடமாக ஓட்டிப் போய்த் திரும்பினார். சத்தமில்லை.

சாயங்காலம் பள்ளி வாசலில் வேறொரு வேன் முன்னதாகவே வந்து நின்றிருந்தது. பாதிப் பிள்ளைகள் அதில் ஏறியிருந்தார்கள். சக்கரபாணி நடுவில் நின்று இரண்டு வண்டிகளையும் பார்த்தார்.

"சத்தம் இன்னான்னு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சி, மாத்தியாச்சுங்க."

அவர் தம் மகள் கவிநிலாவின் பையை வாங்கி, குணமதியின் வேனில் வைத்தார். இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். மற்ற வேன் கிளம்பிப் போயிற்று.

வளைவில் பாதத்துக்குக் கீழே அமைதி. பின்னால் ஒருத்தி யாரிடமோ, தான் வளர்க்கும் ஆட்டுக்குட்டி தூக்கத்தில் சிரிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த டொக்கையே கேட்டிருந்த தன் காதில் விழாமல் எத்தனை சாயங்காலங்களாக இந்தப் பேச்செல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணியபடி, குணமதி வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.