உப்பு கொஞ்சம் ஜாஸ்தி

கைநிறையச் சம்பளம் தந்த ஐடி வேலையை விட்டுவிட்டு, என் மனைவி ராமாத்தாள் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே எல் காம்போவில் நிலம் லீஸுக்கு எடுத்து நெல் போட்டாள். பிரியாணிக்கான பொடிமணி ரகம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரியிடம் சொல்லி ஜெயித்தவர் யார்?

ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் சாலையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நூர் முகம்மது பாய் வாங்கினால் அடுத்த வருடமும் லீஸ். இல்லையென்றால் அவள் பழையபடி லேப்டாப்பைத் திறக்க வேண்டியதுதான். முன்பே சாம்பிள் கொடுத்திருந்தோம். முடிவு கேட்கப் போன அன்று ஃப்ரீவே முழுக்க அவள் லீஸ் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பாய் அந்த அரிசியில் தம் போட்டு வைத்திருந்தார். எங்கள் எதிரிலேயே ஒரு வாய் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்திம்மா."

ராமாத்தாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சாப்புட்டே கண்டுபுடிச்சுட்டீங்களாண்ணா? ஆமாங்ண்ணா, யூரியா ஒருக்கா எக்ஸ்ட்ரா போட்டுட்டேன். பயிரு கருகருன்னு நின்னுச்சு, மகசூல அள்ளிரலாம்னு ஆசை. கதிர் வந்ததும் காத்துல படுத்துருச்சு. மணி சரியா நெறையல, அரிசி வயித்துல மாவாட்டம் வெள்ளை. மில்லுல பாதி குருணையாப் போச்சு."

எங்கள் ஊரில் ரசாயன உரத்துக்கு உப்பு என்றுதான் பேர். காயல்பட்டினத்து பாய்க்கு அது எப்படித் தெரியும்?

"நான் பிரியாணில போட்ட உப்பச் சொன்னேன்மா" என்றார் மெதுவாக.

தவளை தன் வாயால் கெட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

பாய் தட்டைக் கிளறினார். "சோறு ஒடஞ்சதுக்கு மாஸ்டரப் போட்டுத் திட்டிட்டேனே, பாவம். வேற அரிசி இருக்கா?"

"மேக்கால மூலைக்கு அந்த எக்ஸ்ட்ரா யூரியா பத்தலைங்ண்ணா. அங்க ஒரு பயிரும் சாயல, மணியும் முழுசா இருக்குது."

"பின்ன அத ஏன் கொண்டு வரல?"

"வெளைச்சல் கம்மிங்ண்ணா. காட்ட வெக்கமா இருந்துச்சு."

பாய் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்த மூலை அரிசியக் கொண்டாம்மா, டேஸ்ட் பண்ணிப் பாக்குறேன். நல்லா வந்துச்சுன்னா அடுத்த வருஷ ஆர்டர் ஒனக்குத்தான். வயல்ல உப்ப நீ பாத்துப் போடு, சட்டில நான் பாத்துப் போடுறேன்."