முதுகில் தம்பியின் பெயர்

எங்கள் குலக்கோயிலுக்கு முன்னால் பத்துக் கல் கம்பங்கள் நிற்கின்றன. ஒன்பது, அரசர் காலத்தில் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கு நட்டவை. ஒன்று, ஷாங்காயில் இதய மருத்துவராக இருக்கும் ஒரு சித்தப்பாவுக்கு. பதினொன்றாவதாக எனக்கு ஒன்று நடப்போகிறோம் என்று மூன்றாம் பெரியப்பா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படித்துக் கம்பம் வாங்கியவர்கள் நடுவில் பந்து உதைத்து வாங்கிய ஒருவன்.

“கையால எழுதினா என்ன, காலால எழுதினா என்ன? பேரு வந்துச்சுல்ல?” என்றார் பெரியப்பா. குல விவகாரம் எல்லாம் அவர் கையில்தான். “கல்லு வந்து எறங்கிருச்சு. ஜோங் கைமிங்னு வெட்டச் சொல்லிட்டேன். சரிதானே?”

சிரிப்பு நின்றுவிட்டது. என் பெயர் கைமிங் இல்லை. நான் ஜோங் போவென். கைமிங் என் தம்பி, என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பதினொரு வயதில் மாவட்ட விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தது. நான் ஒல்லி, குட்டை. ‘வயசைக் குறைச்சுப் போடுய்யா, பையன் பிழைச்சுப்பான், எல்லாரும் அதைத்தான் செய்யறான்’ என்று யாரோ அப்பாவிடம் ஓதிவிட்டார்கள். புதுப் பிறப்புச் சான்று வாங்க அப்பாவுக்கு ஆள் பழக்கம் இல்லை. ஆனால் வீட்டில் இன்னொரு சான்று சும்மாதானே இருந்தது? தம்பியுடையதை எடுத்து என்னிடம் கொடுத்தார். என்னுடையதைத் தம்பி பள்ளிக்கூடப் பையில் வைத்தார். ஒரே நாளில் நான் ஒன்பது வயதுக் கைமிங் ஆனேன். அவன் பதினொரு வயதுப் போவென் ஆனான். இரண்டு சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல்தான் எங்களுக்கு இருந்தது. மூன்று நாள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்பா ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவரில் ஆட்டக்காரன் கைமிங்தான்.

இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் பந்தாடிப் பிழைத்தவன் சொல்கிறேன். அவன் இடதுகாலில் பந்து வந்தால் அது கால் சொன்னதைக் கேட்கும். என் காலில் வந்தால் நான்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். நான் ஓடியது நிறைய. என் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ‘உழைப்பாளி’ என்றே எழுதினார்கள். ஆட வராதவனுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

இரண்டு வருடம் கழித்து, குவாங்ஜோவிலிருந்து மாகாண அணிக்கு ஆள் எடுக்க லியாவ் என்ற பயிற்சியாளர் வந்தார். பதினொரு வயதுப் பையன்களைப் பார்க்கத்தான் வந்திருந்தார். தாளில் எனக்குப் பதினொன்று. எலும்பில் பதிமூன்று. மற்ற பையன்களை இடித்துத் தள்ளிவிட்டு நான் தேர்வாகியிருந்தேன். மைதானம் எல்லாருக்கும் பொது என்பதால் ஊர்ப் பையன்களும் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் கைமிங்கும் இருந்தான். எனக்குச் சொல்லவே இல்லை, பன்னிரண்டு மைல் சைக்கிளில் வந்திருக்கிறான்.

ஈர மண்ணில் மூன்று பேரைத் தாண்டி அவன் பந்தை வலைக்குள் தள்ளியபோது லியாவ் மாஸ்டர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. அவனைக் கூப்பிட்டுச் சான்றைக் கேட்டார். கொடுத்தான். என்னுடைய சான்று.

“பதிமூணா?” மாஸ்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “பதிமூணு வயசுல இந்த உசரமா? இனி எங்க வளரப் போற? பதினொண்ணா இருந்தா இப்பவே உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்டா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயும் ஜோங்தானே? இவனைத் தெரியுமா?”

கைமிங் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். நான் வாயைத் திறந்து, அவன் கையிலிருக்கும் சான்று அவனுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் உள்ளே போவான், நான் வெளியே போவேன்.

“ஒரே ஊரு மாஸ்டர்,” என்றேன். “அவ்வளவா பழக்கம் இல்ல.”

அவன் என்னைப் பார்த்தான். சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். இதை அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் வருமானம். மாகாண இளைஞர் அணி. வடக்கே ஒரு பெரிய நகரத்தில் முதல் தர லீக், பனியில் எட்டு வருடம். நடுவில் ஒன்றரை வருடம் போர்ச்சுகல். அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், இரண்டாம் தர அணி. என்னை அங்கே கொண்டுபோனது என் கால் இல்லை. எங்கள் நாட்டு ரைஸ் குக்கர் கம்பெனி ஒன்று அந்த அணிக்கு விளம்பரம் கொடுத்தது. கூடவே ஒரு சீன ஆட்டக்காரனையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அணியில் எல்லாரும் என்னைக் ‘குக்கர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ‘குக்கர் சூடாயிருச்சா?’ என்பார்கள், நான் கோட்டோரமாக ஓடிப் பழகும்போது. எண்பத்தைந்தாவது நிமிடத்துக்கு முன்னால் ஒருநாளும் சூடாகவில்லை.

ஒன்றரை வருடத்தில் மொத்தம் அறுபத்தொரு நிமிடம் ஆடினேன். ஒரு கோல் போட்டேன், அதுவும் நான்கு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தில். ஆனாலும் ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சு முட்ட ‘கைமிஇஇஇங்’ என்று இழுத்துக் கத்தினார். மறுநாள் தம்பி போன் செய்தான்.

“அண்ணே, பாத்தேன் பாத்தேன்! என் பேரை அந்த ஆளு எவ்வளவு நீளமா கூப்பிட்டான்!”

அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நான் போன் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

முப்பத்தொரு வயதிலேயே ஓய்வா என்று பத்திரிகையில் கேட்டார்கள். முழங்காலுக்கு முப்பத்துமூன்று என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போது கல் வந்துவிட்டது. பெரியப்பாவிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். கல்லிலாவது என் பெயர் இருக்க வேண்டும். சட்டையில் அவன் பெயர், செய்தியில் அவன் பெயர், எல்லாம் சரி. முன்னோர் முன்னால் நிற்கப்போகும் கல்லில் என் பெயர்தானே நியாயம்? ஆசைக்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கைமிங் சந்தைப் பக்கம் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். வறுத்த பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டுப் பிசறிய நூடுல்ஸ், பக்கத்தில் ஈரல் சூப். காலையில் போனேன். கறிக்கடை வென் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“ஏ போவென், உனக்குக் கல்லு நடறாங்களாமே!” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். “ஐயையோ, உனக்கு இல்லப்பா, உன் பழைய பேருக்கு!”

கடையே சிரித்தது. கைமிங்கும் சிரித்தான். “கல்லு கிடக்கட்டும், போன வாரத்துச் சூப்புக்கு எப்ப வழி பண்றீங்க?” என்று அவர் முதுகில் துண்டால் ஒன்று போட்டான்.

கூட்டம் குறைந்த பிறகு மெல்ல ஆரம்பித்தேன். “கல்லுல உன் பேரு வர்றது உனக்குத்தான்டா சங்கடம். ஆடாத ஆட்டத்துக்கு எதுக்கு? அதான், என் பேரையே வெட்டச் சொல்லிடலாமான்னு...”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “எந்தப் பேரை?”

“என் பேரைத்தான். போவென்.”

“அது நானு, அண்ணே.” குரலை உயர்த்தவே இல்லை. “கடை லைசென்ஸுல போவென். கல்யாணப் பத்திரத்துல போவென். எம் பொண்ணு ஸ்கூல் பாரத்துல அப்பா பேரு போவென். என் பேரை நீ எடுத்துக்கிட்ட, சரி. மாத்திக் கொடுத்தியே ஒண்ணு, அதையும் இப்ப வாங்கிக்கலாம்னு வந்தியா?”

சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். அவனே எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“கல்லுல என்ன வேணா வெட்டிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்கு உன்கிட்ட மைக் கொடுப்பாங்கல்ல?”

“கொடுப்பாங்க.”

“என் தம்பி என்னைவிட நல்லா ஆடுவான்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு. வயசு, தாளு, அந்தக் கண்றாவி எதுவும் வேணாம். அது ஒண்ணு போதும்.”

“சொல்றேன்டா,” என்றேன். “சத்தியமா சொல்றேன்.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. ஐந்தே சொல். அதைக்கூடச் சொல்ல முடியாதவன் மனிதனா என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முதல்நாள் விளையாட்டுத் துறையிலிருந்து ஃபான் என்ற அதிகாரி போன் செய்தார். மாவட்டத்தின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு என்னைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட முடிவாகிவிட்டதாம். ஆணையை விழா மேடையிலேயே கொடுக்கிறாராம், தொலைக்காட்சியும் வருகிறதாம். “இப்ப வயசுத் திருட்டு ரொம்ப ஜாஸ்தி, ஜோங். சான்றைப் பாத்துப் பாத்து எடுக்கற நேர்மையான ஆளு வேணும்,” என்றார். சரி சார் என்றேன்.

அந்த போனுக்குப் பிறகுதான் அந்த ஐந்து சொல்லின் எடை எனக்கு உறைத்தது. தாளின்படி எனக்குத் தம்பியே கிடையாது. எனக்கு இருப்பது ஒரு அண்ணன், இரண்டு வயது மூத்தவர், போவென். தம்பி என்று ஒரு சொல் என் வாயிலிருந்து விழுந்தால், ஃபான் அலுவலகத்தில் எங்கள் குடும்பப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வேலை போகும். பதினெட்டு வருட ஆட்டமும் திருட்டு என்று ஆகும். இருந்தாலும் சொல்லிவிடுவேன் என்றுதான் படுத்தேன். நம்புங்கள், அப்படித்தான் படுத்தேன்.

புத்தாண்டு கழிந்து வரும் விளக்குத் திருநாளுக்கு மறுநாள் காலை. கோயில் முற்றத்தில் கோழி, பன்றித்தலை, மீன் படைத்திருந்தார்கள். பட்டாசுப் புகை அடங்கவே கால் மணி நேரம் ஆனது. கல்லின் மேல் சிவப்புத் துணி. அம்மா முன்வரிசையில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஃபான். நானும் கைமிங்கும் இரண்டாம் வரிசையில் அடுத்தடுத்து.

“ஜோங் கைமிங் அவர்கள் மேடைக்கு வரவும்!” என்று பெரியப்பா கூவினார்.

கைமிங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையல்காரரிடம் ஏதோ கைஜாடை காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெயருக்கு அவன் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “போ அண்ணே, உன்னைத்தான்,” என்றான். சொல்லும்போது கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். முடியைக்கூடத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

துணியை இழுத்தார்கள். கைதட்டினார்கள். ஃபான் ஆணையைக் கொடுத்தார். காமிராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் என் கைக்கு வந்தது.

“நான் இன்னிக்கு முக்கியமா ஒண்ணு சொல்லணும்,” என்றேன். என் குரல் முற்றத்தின் மறுகோடியிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. “எங்க வீட்டுல என்னைவிட நல்லா ஆடற ஆளு ஒருத்தர் இருக்காரு. காலம்தான் சரியா அமையல. இதோ, இங்கதான் உக்காந்திருக்காரு. அவர் என்...”

கைமிங் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருந்தான்.

“என் அண்ணன்,” என்றேன். “ஜோங் போவென்.”

முற்றத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். வெளியாள் பத்துப் பேர்தான். மிச்சம் எல்லாரும் நான் பிறந்ததையும் அவன் பிறந்ததையும் பார்த்தவர்கள். கறிக்கடை வென்கூட வாயை மூடிக்கொண்டார். பெரியப்பாதான் முதலில் கையைத் தட்டினார், தேவைக்கு மேல் பலமாக. மற்றவர்களும் தட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

நான் இறங்குவதற்குள் தொலைக்காட்சிப் பெண் அவனிடம் போய்விட்டாள். “நீங்கதானா மூத்தவர்? கைமிங்கைவிட நல்லா ஆடுவீங்களாமே?”

ஒரு நிமிடம்தான். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நான் தீர்ந்தேன். அவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டே, அவன் சொல்லக்கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில்.

“அட, அதெல்லாம் ஒரு ஆட்டமாம்மா? தெருவுல ஆடினது,” என்றான் கைமிங். “ஆட்டம்னா தம்பி ஆட்டந்தான். ஏதோ எம்மேல இருக்கற பாசத்துல சொல்றான்.”

பிறகு எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டான், மூத்தவன் போடுவதுபோல. காமிரா எங்கள் பக்கம் திரும்பியது.

“டிவியில வரும்,” என்றான். “சிரிடா, தம்பி.”

சிரித்தேன்.