ஐந்து கம்பளிகளும் முப்பது சதவீத மழையும்

மார்ச் மாதக் கடைசியில் அர்ஜுனனின் கைப்பேசி 'வசந்த கால வானிலை' என்று பூப்படம் போட்டு ஒரு வாரத்துக்கான முன்னறிவிப்பைக் காட்டும். அந்தச் செயலியைச் செய்தவர்கள் ஏதோ குளிர்நாட்டுக்காரர்கள். கேமரன் மலையில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு பருவக்காற்று போய் இன்னொன்று வருவதற்குள் இருக்கும் இடைவெளிதான் உண்டு. அந்த நாட்களில் காலையில் நல்ல வெயில் அடிக்கும். வெயில் பள்ளத்தாக்கைச் சூடாக்கும். சூடான காற்று தேயிலைச் சரிவில் மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்ததும் அதிலிருக்கும் ஈரம் மேகமாகும். மதியத்துக்கு மேல் அந்த மேகம் சில நாள் கொட்டும், சில நாள் பக்கத்து மலைக்கு நகர்ந்துவிடும். இதில் எது நடக்கும் என்பதுதான் கேள்வி.

அர்ஜுனன், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதிக்குப் பொறுப்பாளர். காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரியாமல் கொழுந்தை வாட்ட முடியாது என்பதால், வானம் பார்ப்பது அவர் வேலையில் பாதி. பார்த்ததைத் தன் லைனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வியாழக்கிழமைதோறும் வாட்சப் குழுவில் ஒன்பது நிமிடக் குரல் பதிவு போடுவார்.

அந்த வாரம் அவர் சொன்னது: எட்டு நாளாக மழை இல்லை, சனிக்கிழமை மழைக்கு முப்பது சதவீத வாய்ப்பு.

"இதே மாதிரி பத்து சனிக்கெழம வந்தா, மூணுல பெய்யும், ஏழுல பெய்யாது. அவ்வளவுதான் அர்த்தம்."

அது சரியான விளக்கம். ஆனால் மூன்றாவது வீட்டுத் தங்கம்மா, "ஒண்ணும் வெளங்கலலா தம்பி" என்று பதில் போட்டார். விளங்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அர்ஜுனனால் சும்மா இருக்க முடியாது.

"பரீட்ச மார்க்குனு வச்சிக்குங்கக்கா. நாப்பது எடுத்தாதான பாஸு? மழை முப்பதுதான் எடுத்திருக்கு."

"அப்ப மழை பெயிலு."

"பெயிலுன்னே வச்சிக்குங்க."

மழை பெயிலான செய்தி இருபத்திரண்டு வீடுகளுக்கும் பரவியது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே எல்லா வீட்டுக் கம்பளிகளும் தண்ணீரில் கிடந்தன.

மலையில் கம்பளி துவைப்பது சின்னக் காரியமில்லை. காய்ந்த கம்பளி இரண்டு கிலோ என்றால் நனைந்தது ஆறு கிலோ. மெஷினில் போட்டால் மெஷின் நடந்தே வாசலுக்கு வந்துவிடும். கையால்தான் துவைக்க வேண்டும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்க வேண்டும், பிறகு ஒரு முழுநாள் வெயில் வேண்டும். அப்படி ஒரு நாள் வருடத்தில் சில தடவைதான் வாய்க்கும்.

அர்ஜுனன் வீட்டில் அன்று கூடுதலான காரணம் இருந்தது. மகள் தவமலரைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கீழே சமவெளியில் இருக்கும் கிள்ளான் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேர். இரவு தங்கி, மறுநாள் காலையில் உட்கார்ந்து பேசி முடிவு சொல்வதாக ஏற்பாடு. தவமலரும் அந்தப் பையன் ஹரிதாசும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது பையனின் அம்மா அம்சவல்லி ஒருவர்தான். அந்த அம்மாள் போனில் முதலில் கேட்டதே, "அங்க ரொம்பக் குளிருமாமே? எனக்குக் குளிர் ஆகாது. பொண்ணு எடுத்தா அடிக்கடி வரணுமில்ல?" என்பதுதான்.

அதனால் அர்ஜுனனின் மனைவி ரஞ்சிதம் வீட்டிலிருந்த கம்பளிகள் அனைத்தையும் துவைத்தாள். லாவெண்டர் வாசனைத் திரவத்தை ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினாள்.

ஒன்று நாற்பதுக்கு மழை பிடித்தது. வேலியில் காயப்போட்டிருந்த கம்பளிகளை எடுப்பதற்குள் எல்லாம் நனைந்து முடிந்தது. ஒரு மணி நேரம் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஊற்றிவிட்டு, தூறலாக நின்றுகொண்டது.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம் என்று ரஞ்சிதம் குடையோடு கிளம்பினாள். நான்காவது வீடு வரை போய்த் திரும்பி வந்தாள். தோட்டத்தில் காய்ந்த கம்பளி ஒன்றுகூட இல்லை. எல்லோருமே அர்ஜுனனை நம்பியிருந்தார்கள்.

தவமலர் மோட்டார் சைக்கிளில், மெஷினில் துணி உலர்த்தித் தரும் பிரிஞ்சாங் டோபிக் கடைக்குப் போய் வந்தாள். "ஸ்கூல் லீவுப்பா. டூரிஸ்டுங்க நனஞ்ச ஜீன்ஸோட வரிசையில நிக்கிறாங்க. எனக்கு முன்னால பதினாலு பேரு."

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க எங்க வந்துட்டாங்க?" என்றார் அர்ஜுனன்.

"சிம்பாங் பூலாய் வழியா ஏறுறாங்க. ஹரி மெசேஜ் போட்டாரு. கோலா தெர்லாகிட்ட காய்கறி லோரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டாங்களாம். கியா பார்ம் தோட்டத்துல ஸ்ட்ராபெரி காட்டுற சாக்குல ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிருக்கேன்."

இதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் சின்னையா, பழைய லோரி டிரைவர்.

"அர்ஜுனா, பெயிலான மழைடா இது?"

"அண்ணே, முப்பதுன்னா..."

"பேசாத. இருபத்திரண்டு வீட்டுக் கம்பளியும் ஒண்ணா ஆவி விட்டா, மேகம் வராம என்னா செய்யும்? நீ தொவைக்கச் சொன்னதாலதான் மழையே வந்திச்சி."

அந்த நிலைமையிலும் அர்ஜுனனால் இதை விட முடியவில்லை. "அப்படி வராதுண்ணே. அறுபது கம்பளி, ஒண்ணுக்கு நாலு லிட்டர். மொத்தமே ஒண்ணேகால் டிரம்மு தண்ணிதான். இப்ப இந்தப் பள்ளத்தாக்குல பெஞ்சது பல லட்சம் டிரம்மு இருக்கும்."

"வெளக்கம் சொல்ற நேரமாங்க இது?" என்றாள் ரஞ்சிதம். "ஒலகத்துல எந்தத் தண்ணி எங்க போவுதுன்னு தெரியுது. கம்பளிக்குள்ள இருக்கிற தண்ணிய வெளிய எடுக்கத் தெரியல."

அர்ஜுனன் சட்டென்று தொழிற்சாலைப் பக்கம் திரும்பினார். தண்ணீரை வெளியே எடுப்பதற்குத்தானே அவருக்குத் தொழிற்சாலையில் வேலை.

கொழுந்து வாட்டும் தொட்டி என்பது ஒரு நீளப் பெட்டி. மேலே கம்பி வலை. வலைமேல் கொழுந்தைப் பரப்புவார்கள். அடியில் பெரிய விசிறி வெதுவெதுப்பான காற்றை ஊதும். காற்று இலைகளுக்கிடையே மேலேறி ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். இலைக்கும் கம்பளிக்கும் காற்று பேதம் பார்க்காது. அதுமட்டுமல்ல, பத்து நாள் மழையில்லாததால் கொழுந்து குறைவு; ஏழாம் தொட்டி காலியாகக் கிடந்தது.

அவர் தொழிற்சாலை மேனேஜர் புவனேஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"தொர, ஏழாம் தொட்டிய ஒண்ணரை மணி நேரம் குடுக்க முடியுமா? கம்பளி காய வைக்க."

"அர்ஜுனன், தேயில எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"ஆமா தொர. ஆனா மழை ஒரு மணி நேரம் அலசியிருக்கு. நான் அலசுனாகூட அவ்வளவு சுத்தமா அலசியிருக்க மாட்டேன்."

"நான் மோந்து பாக்கணும். வாசமில்லாத கம்பளிதான் உள்ள போவும்."

ஏழாம் தொட்டி சிறியது. பக்கம் பக்கமாக ஐந்து கம்பளிதான் கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் காற்று நுழையாது, காய்வதற்குப் பதில் அவிந்துபோகும். இதை அர்ஜுனன் வாசலில் நின்றவர்களுக்கு விளக்கினார். அவர்கள் கேட்டார்களே தவிர, யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அரை மணி நேரத்தில் தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுக்க நிற்கிற மாதிரி வரிசை நின்றது, தோளில் கொழுந்துக்குப் பதில் கம்பளி.

புவனேஸ்வரன் வந்தார். தேயிலையை ருசி பார்க்கும் மூக்கு அது. ஒவ்வொரு கம்பளியிலும் குனிந்து, கண்ணை மூடி, மூன்று தரம் இழுத்தார்.

அர்ஜுனன் வீட்டுக் கம்பளிகள் முதலில் வந்தன. "லாவெண்டர். வேண்டாம். இதுவும் லாவெண்டர்."

ரஞ்சிதத்தின் முகம் சுருங்கியது. ஒரு மணி நேர மழையும் அவளுடைய இரண்டு மூடியைக் கழுவிவிட முடியவில்லை.

"இது கோடாலித் தைலம்."

"முட்டிவலி தொர," என்றார் தங்கம்மா. "பதினஞ்சு வருசத்துத் தைலம். ஒரு தொவையல்ல போயிடுமா?"

கடைசியில் ஐந்து கம்பளிகள் தேறின. ஐந்தும் வேறு வேறு வீட்டுக்காரர்களுடையவை. அவற்றில் மிகச் சுத்தமானது என்று மேனேஜர் எடுத்து வைத்தது, புலிப்படம் போட்ட, ஓரம் பிய்ந்த பழைய கம்பளி. சின்னையாவுடையது.

தொட்டியில் போய்க் காய்ந்த கம்பளி அவரவர் வீட்டுக்குத்தானே போக வேண்டும். அர்ஜுனன் ஐந்து பேரையும் பார்த்தார். "நான் சொல்லித்தான் நனஞ்சிச்சி. எனக்குக் கேக்க வாயில்ல. ஆனா சாயந்திரம் அஞ்சு பேரு வர்றாங்க. தவமலர் விசயம்."

எல்லோரும் சின்னையாவைப் பார்த்தார்கள்.

"ஒரு கண்டிசன்," என்றார் சின்னையா. "இனிமே உன் வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிசத்துக்கு மேல போவக்கூடாது."

"ஒரு நிமிசத்துல எப்படிண்ணே வெளக்குறது?"

"அதான் வேணாங்கிறேன்."

அர்ஜுனன் ரஞ்சிதத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "சரிண்ணே," என்றார்.

விசிறி சுற்றத் தொடங்கியது. அர்ஜுனன் அரைமணிக்கொரு தரம் கம்பளிகளைக் கொழுந்து போலப் புரட்டிவிட்டார். ஐந்தரைக்கு ஐந்தும் பொருபொருவென்று காய்ந்திருந்தன.

கிள்ளான்காரர்கள் ஆறு மணிக்கு வந்து இறங்கினார்கள். ஐந்து பேரும் மெல்லிய சட்டைதான். கையில் எட்டுப் பெட்டி ஸ்ட்ராபெரி. அம்சவல்லி அம்மாளின் பல் தந்தியடித்தது. வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த புலிக் கம்பளியைப் பார்த்து, எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதகதப்பு அதில் இன்னும் மிச்சமிருந்தது. சன்னலுக்கு வெளியே சின்னையா தங்கம்மாவின் முழங்கையை இடித்தார்.

ரஞ்சிதம் டீ கொண்டு வந்தாள். அம்சவல்லி கழுத்தை மட்டும் நீட்டிக் குடித்தார். பிறகு தோசை வந்தது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேசைக்கு வரலாமேம்மா," என்றாள் ரஞ்சிதம் தயங்கி.

"நான் இதவிட்டு எந்திரிக்க மாட்டேன்," என்றார் அம்சவல்லி. "இங்கயே குடுத்திடுங்க சம்பந்தி."

'சம்பந்தி' என்பது மறுநாள் காலையில் பேசி முடிவு செய்த பிறகு வர வேண்டிய சொல். ரஞ்சிதம் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுப்படி வாசலில் நின்ற தவமலர் ஹரிதாசைப் பார்த்தாள். அவன் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான்.

அர்ஜுனன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரஞ்சிதம் திரும்பாமலே, "சட்னி எடுத்திட்டு வாங்க," என்றாள்.