மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மாவு மில்லில் அவர்கள் இருவரையும் யாரும் தனித்தனியாகக் கூப்பிட்டதில்லை. 'ஜோடி' என்றால் போதும், புருஷனும் பெண்டாட்டியும் வந்து நிற்பார்கள். அவன் சாக்கின் வாயை மடித்து இழுத்துப் பிடிப்பான். அவள் கைத்தையல் மெஷினை அதன்மேல் ஓட்டுவாள். அவன் விரல் விலகுவதும் அவள் ஊசி அங்கே வருவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்ட நாட்களில்கூட ஒரு சாக்கு கோணலாகத் தைக்கப்பட்டதில்லை. இருவருக்கும் ஒரே கூலி.

பிறகு சாக்குத் தைக்கும் தானியங்கி மெஷின் வந்தது. பத்தாவது தேறியவர்களுக்குத்தான் அதை ஓட்டப் பயிற்சியாம். அவள் தேறியவள். அவனுக்கோ ஐந்தாவதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாக்குப் பிடிக்கிற கையிடம் அதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. தனியாகப் போகமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டாமா என்று கேட்டு அவன்தான் விடாப்பிடியாக அனுப்பிவைத்தான்.

பயிற்சி முடிந்து அவள் ஆபரேட்டர் ஆனாள், சம்பளம் இரட்டிப்பானது. மகளும் கல்லூரியில் சேர்ந்தாள். தையல் மேசைகளைக் கழற்றி எடுத்துவிட்டு அவனைச் சுமை தூக்கப் போட்டார்கள். கூலி முன்பைவிடக் குறைவு. முதுகு ஒடியத் தூக்குகிறவனுக்குக் குறைவாகவும் பொத்தானை அமுக்குகிறவளுக்கு அதிகமாகவும் கொடுப்பது என்ன நியாயமோ, அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கே வெளிச்சம். மூட்டையை இறக்கும்போதெல்லாம் அவன், "மேடம், சரக்கு வந்துருச்சு" என்பான். முதலில் அவள் சிரித்தாள். போகப்போக அது சுருக்கென்று தைத்தது.

மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். சுமைக்காரர் அதைத் தாண்டினால் வேலை போய்விடும். தாண்டியவர் யாரென்று ஆபரேட்டர் திரையில் பதிய வேண்டும். மறைத்தாலும், தானே உள்ளே கூப்பிட்டிருந்தாலும் அவள் வேலை போகும். மேலே கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது.

அன்று மெஷினில் ஒரு சாக்கு வாய் மடியாமல் சரிந்து வந்தது. அவள் பொத்தானுக்குக் கை நீட்டுவதற்குள் அவன் கோட்டைத் தாண்டிவிட்டான். யோசித்துச் செய்ததல்ல. சரிகிற சாக்கைக் கண்டதும் இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் அதன் வாயை மடித்துப் பிடித்தது, அவள் பின்னாலேயே வருவாள் என்ற நம்பிக்கையில். வந்தது மெஷினின் ஊசி. அதற்கு அவன் விரல் எப்போது விலகும் என்று தெரியாது.

அவள் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். ஊசி நகக்கண்ணை உரசிக்கொண்டு நின்றது. திரை, தாண்டியவர் யார் என்று கேட்டது.

"நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடறேன்" என்றாள்.

அவன் சாக்கை நிமிர்த்தி வைத்தான். பிறகு அமைதியாகச் சொன்னான்: "வேண்டாம். போறதுன்னா சின்ன சம்பளம் போகட்டும்."

ஒரே கூலி வாங்கிய காலத்தில் இப்படி ஒரு பேச்சு அவன் வாயில் வந்திருக்காது. அவன் சொன்னதில் தப்பு இருந்தால் அவள் மறுத்திருப்பாள். கல்லூரியில் இருக்கும் மகளை நினைத்தாள். தப்பே இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

அவன் கோட்டைத் தாண்டி வெளியே போய், தோளில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டான்.

"வீட்டுச் சாவியக் குடு. நீ வர்றதுக்குள்ள சோறு வடிச்சு வைக்கிறேன்."

ஓடுகிற ஷிப்டில் ஆபரேட்டரும் கோட்டை விட்டு வெளியே வரக் கூடாது. அவள் இந்தப் பக்கம் நின்றபடியே கையை எட்ட நீட்டிச் சாவியைக் கொடுத்தாள்.